முதல் பக்கத்துத் திருடன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஃபேனுக்கு நேரே இடம் இருக்கிறது. அந்த டிவியை மட்டும் கொஞ்சம் அணைத்துவிடுங்கள். இன்றைக்கு ஒரு பயந்த மனுஷனின் கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடிக்கும்போது உங்கள் பயத்தில் ஒன்றாவது கழன்று விழவில்லை என்றால் என்னைக் கேளுங்கள்.

மந்தைவெளியில் பாரிஜாதம் அடுக்ககம் என்று ஒன்று. பன்னிரண்டு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு கேட். கேட்டை ஒட்டி ஒரு தகரக் கூண்டு. அந்தக் கூண்டுக்குள் வாட்ச்மேன் ரகுபதி, சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தை வெகு நேரமாக முறைத்துக்கொண்டிருந்தார். காகிதம் இங்கிலீஷில் இருந்தது. ரகுபதிக்கு ஏ, பி, சி, டி தெரியும். எழுத்துக்கூட்டியும் விடுவார். ஆனால் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்து போய்விடும்.

இரண்டாம் மாடி ஷீலா, காதில் மாட்டிய பாட்டோடு நடைப்பயிற்சிக்கு இறங்கி வந்தாள்.

"இன்னாம்மா போட்டுக்கீது இதுல? கண்ணாடி கொண்டார மறந்துட்டேன்" என்றார் ரகுபதி. கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. கையால் மூடிக்கொண்டார்.

ஷீலா படித்தாள். "ஒண்ணாம் தேதியிலேருந்து வாட்ச்மேன் தினசரி ரிப்போர்ட் இங்கிலீஷ்லதான் எழுதணுமாம். சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள பக்கம் முழுக்க நிரம்பியிருக்கணுமாம். முடியலைன்னா வேற ஆள் அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்கு எழுதிடுவாங்களாம். கீழே சாய்நாத் சார் கையெழுத்து. அவ்ளோதான். நீங்கதான் டென்த் பாஸாச்சே, ஈஸிதானே?"

"ஆமாம்மா."

அந்த ஒரு ஆமாவைத்தான் மூன்று வருஷமாக ரகுபதி நெஞ்சுக்குள் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அவர் படித்தது எட்டாவது. அதுவும் முழுப் பரீட்சை எழுதவில்லை. வேலைக்குச் சேரும்போது பத்தாவது பாஸ் என்று ஏஜென்சிக்காரரிடம் சொல்லியிருந்தார். வயது ஐம்பத்தேழு. இந்த கேட் மூடிக்கொண்டால் வேறு எந்த கேட்டும் தனக்குத் திறக்காது என்று அவருக்குத் தெரியும். ஷீலா போன பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

ரிப்போர்ட் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சாதாரண நோட்டு இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, ஓரத்தில் சங்கத்தின் ரப்பர் முத்திரை குத்தியிருக்கும். ஒரு பக்கத்தைக் கிழித்தால் மறுநாளே தெரிந்துவிடும். தினமும் மாலை ஐந்து மணிக்குச் செயலாளர் சாய்நாத் இறங்கி வருவார். வடக்கே பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். பொங்கலன்று கார் நிறுத்தும் இடத்தில் மைக் வைத்து 'தமிழும் நாமும்' என்று அரைமணி நேரம் பேசுவார். கையில் ஒரு தாள் இருக்கும். அதை ஒருவருக்கும் காட்ட மாட்டார். ரகுபதி தமிழில் எழுதி வைத்திருக்கும் ரிப்போர்ட்டின் கீழே பச்சை மையில் 'வெரி குட்' என்று இங்கிலீஷில் போட்டுக் கையெழுத்திடுவார். போய்விடுவார். மூன்று வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

இந்த நோட்டீஸ் எதனால் வந்தது என்று ரகுபதி ஊகித்துவிட்டார். எல்லாம் போன மாதத்து லிஃப்ட் விவகாரம். அன்றைக்கு அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்: 'மாலை 4.20. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே செயலாளர் வீட்டு அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார். மெக்கானிக் இன்னும் வரவில்லை.' எழுதி வைத்துவிட்டு மாடிக்கு ஓடிப்போய், கதவு இடுக்கு வழியாக அந்த அம்மாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு சாய்நாத் இறங்கி வந்து, நோட்டைப் பார்த்து, பச்சை மையில் வெரி குட் போட்டுவிட்டு வாக்கிங் போய்விட்டார். திரும்பி வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்த ரகுபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டார். அப்படியும் அந்தக் கோபம் எப்படியோ தன் தலையில்தான் விடிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதரைக்கு லூர்துமேரி வந்தாள். தலையில் துணியைச் சுருட்டிய சும்மாடு, அதன் மேல் மீன் கூடை, பின்னால் ஒரு செவலை நாய். பட்டினப்பாக்கத்திலிருந்து அந்த நாய் தினமும் கூடைக்குப் பின்னாலேயே வரும். அதற்கு வஞ்சிரம் என்று பேர் வைத்திருந்தாள். "நான் விக்காத வஞ்சிரம் இது ஒண்ணுதான்" என்பாள்.

"இன்னாண்ணே, பேய் அறைஞ்சா மாதிரி நிக்கிற?"

கீழ்வீட்டு வேதநாயகத்துக்கு நெத்திலி ஆய்ந்துகொண்டே அவள் கேட்க, ரகுபதி எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்கு வெளியே அந்த எட்டாவது ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"ப்பூ, இதுக்கா? என் பொண்ணு ஏஞ்சல் இன்னாத்துக்கு கீறா? அடுத்த வாரம் திங்கக்கிழம ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா சேரப் போறா. இரு, அவளாண்டயே கேட்டு வாங்கித் தர்றேன்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு போனில் பேசி அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் ஏஞ்சலின் குரல் வந்து விழுந்தது.

"அங்கிள், பயப்படாதீங்க. மொதல்ல ஒரு பேரு போடுங்க. தண்ணி, லாரி, எதுனாலும். அதுக்குப் பின்னாடி 'இஸ்' போடுங்க. அப்புறம் 'கமிங்'. ரெண்டு பேருன்னா நடுவுல 'அண்ட்' போட்டு, 'இஸ்'ஸுக்குப் பதிலா 'ஆர்'. ஒண்ணு வருது, இன்னொண்ணு வரலைன்னா நடுவுல 'பட்' போட்டு, ரெண்டு பக்கமும் தனித்தனியா 'இஸ்'. அவ்ளோதான். நீங்க பேரை எங்க கொண்டுபோய் வெச்சாலும் அது பின்னாடியே வந்துடும் அங்கிள்."

"பாத்தியாண்ணே, நம்ம வஞ்சிரம் மாதிரிதான்" என்றாள் லூர்துமேரி. "கூடை எங்க போனா இன்னா? பின்னாடியே வந்துரும்."

ரகுபதிக்கு அன்றுதான் இங்கிலீஷ் லேசாகப் புரிந்தது. நாயைப் பார்த்துக் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார்.

அடுத்த நான்கு நாளும் அவர் வாய் ஓயவில்லை. ஆதம்பாக்கத்தில் வீடு. வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவார். "ட்ரெயின் இஸ் கமிங். கூட்டம் இஸ் கமிங். ட்ரெயின் அண்ட் கூட்டம் ஆர் கமிங். ட்ரெயின் இஸ் கமிங் பட் சீட் இஸ் நாட் கமிங்." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தரமணிக்கு முன்பே எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் சொர்ணம் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோசை இஸ் கமிங்?" என்றார்.

"இன்னாது?"

"தோசை அண்ட் சட்னி ஆர் கமிங்?"

சொர்ணம் தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "ஜொரம் இல்ல. யாருனா இன்னானா சொன்னாங்களா அங்க? சொல்லுய்யா."

அவர் தட்டை எடுத்து வைத்துக்கொண்டார். சொன்னால் அவளும் சேர்ந்து பயப்படுவாள். ஒரு வீட்டுக்கு ஒரு பயம் போதும் என்று விட்டுவிட்டார்.

ஒன்றாம் தேதி வந்தது. புது நோட்டு, முதல் பக்கம், இருபது கோடு.

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. 'வாட்டர் இஸ் கமிங்' என்று எழுதினார். ஒரு கோடு. மெட்ரோ தண்ணீர் லாரி வந்தது. 'லாரி இஸ் கமிங்.' இரண்டாவது கோடு. லாரிக்காரர் ஹோஸைத் தேடப் போய்விட்டார். 'லாரி இஸ் கமிங் பட் வாட்டர் இஸ் நாட் கமிங்.' மூன்றாவது. ஹோஸ் கிடைத்தது. 'லாரி அண்ட் வாட்டர் ஆர் கமிங்.' நான்கு. கொரியர்காரர், பால்காரர் எல்லாரையும் வரவழைத்தார். ஒன்பது.

அதற்கப்புறம் பாரிஜாதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு சண்டை கிடையாது, ஒரு விருந்தாளி கிடையாது. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. பதினொரு கோடுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. நாலரைக்குத் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நாலே முக்காலுக்குப் பேனாவை மறுபடியும் கையில் எடுத்தார்.

'படிக்கவா போறாரு? எப்பவும் போல வெரி குட்தானே போடுவாரு' என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். வாட்ச்மேனுக்குத் தெரிந்த பெயர்கள் இன்னும் என்னென்ன என்று யோசித்தார். அவருக்கு எழுதத் தெரிந்ததில் மிச்சம் இருந்தவை மூன்றே மூன்று. அவசர அவசரமாக எழுதினார்.

'தீஃப் இஸ் கமிங். டாக் இஸ் கமிங். தீஃப் அண்ட் டாக் ஆர் கமிங். போலீஸ் இஸ் நாட் கமிங். தீஃப் அண்ட் டாக் ஆர் கமிங் பட் போலீஸ் இஸ் நாட் கமிங்.' இதையே முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு இருபதாவது கோட்டில் முற்றுப்புள்ளி வைத்தபோது மணி ஐந்து.

சாய்நாத் வந்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். ரகுபதி இடம் காட்டக் குனிந்தார். ஆனால் பேனா இறங்கவில்லை. சாய்நாத் படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதல் கோட்டில் ஆள்காட்டி விரலை வைத்தார். படிக்க ஆரம்பித்தார்.

ரகுபதிக்கு வயிற்றுக்குள் லிஃப்ட் அறுந்து விழுந்தது.

"வாட்டர் இஸ் கமிங். குட்! லாரி இஸ் கமிங். வெரி குட்!" சாய்நாத்தின் முகத்தில், பரிசுப் பொட்டலம் பிரிக்கும் குழந்தையின் சந்தோஷம். ஒவ்வொரு வரியாக விரல் இறங்கியது. பத்தாவது வரியில் நின்றது.

"தீஃப்?"

ரகுபதி நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ரகுபதி, திருடன் வந்தானா?"

இல்லை என்று சொன்னால், பின்னே ஏன் எழுதினாய் என்பார். தெரியாமல் எழுதினேன் என்றால் எட்டாவது வெளியே வந்துவிடும்.

"எ... எஸ் சார்."

"நாயோடயா?"

நோட்டில் அப்படித்தானே இருக்கிறது. "அண்ட் டாக், சார்."

"போலீஸுக்கு போன் பண்ணேளா?"

"போலீஸ் இஸ் நாட் கமிங், சார்."

சாய்நாத் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் கண்ணாடியோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

ஆறு மணிக்குள் பாரிஜாதத்தின் வாட்ஸாப்பில் ஷீலாவின் செய்தி பன்னிரண்டு வீட்டுக்கும் போய்விட்டது. துணிகள் கொடியிலிருந்து மறைந்தன. மாடிக் கதவுகளுக்கு இரட்டைத் தாழ்ப்பாள் விழுந்தது. குழந்தைகள் சைக்கிளை வீட்டுக்குள்ளேயே ஓட்டின. ஆறரைக்கு வேதநாயகம் கீழ்வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"என் செருப்பைக் காணோம்! இடது கால் செருப்பு!"

எல்லாரும் கூடினார்கள்.

"ஒத்தைச் செருப்பை எந்தத் திருடன் சார் எடுப்பான்?" என்றாள் ஷீலா.

வேதநாயகம் துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். குரலைத் தாழ்த்தினார். "அதாம்மா எனக்கு பயமே. சாதாரணத் திருடன்னா ரெண்டையும் எடுத்துட்டுப் போயிருப்பான். இவன் வேற மாதிரி ஆளு."

அதைக் கேட்டுக் கூட்டமே ஒரு அடி நெருங்கி நின்றது. ரகுபதியும் நெருங்கி நின்றார். நீங்கள் சிரிக்கிறீர்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தான் எழுதிய திருடன் தன்னைக் கேட்காமலே உள்ளே வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போகிறானே என்று கேட்டைப் போய் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அன்று மாலை ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நான்கு தடவை திரும்பிப் பார்த்தார்.

ராத்திரி முழுக்க ஒரு வழி யோசித்தார். காலையில் எட்டு மணிக்கு நோட்டைத் திறந்து இரண்டாம் பக்கத்தில் முதல் வேலையாக எழுதினார்: 'தீஃப் இஸ் நாட் கமிங். டாக் இஸ் நாட் கமிங். தீஃப் அண்ட் டாக் ஆர் நாட் கமிங்.' இருபது கோட்டையும் நிரப்பினார். இனி திருடன் வர மாட்டான், எல்லாரும் நிம்மதியாக இருக்கலாம். விஷயம் முடிந்தது.

ஒன்பது மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் அவசரக் கூட்டம். சாய்நாத் நோட்டை எடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டாம் பக்கத்தைப் படித்தார்.  பிறகு ஷீலா மெதுவாகக் கேட்டாள்.

"சார், இது இன்னிக்கு ரிப்போர்ட்தானே? காலைல எட்டு மணிக்கே, இன்னிக்கு முழுக்கத் திருடன் வர மாட்டான்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

எல்லாத் தலையும் ரகுபதி பக்கம் திரும்பியது.

"உங்களுக்கு போன் பண்ணிச் சொன்னானா?" என்றார் வேதநாயகம்.

"ஐயோ சாமி, எனக்கு அவனைத் தெரியாதுங்க!"

"நேத்து வந்தான்னு சொன்னேளே, ஆள் எப்படி இருந்தான்?" என்று கேட்டார் சாய்நாத்.

எந்த முகத்தைச் சொன்னாலும் அந்த முகம் யாருக்காவது இருந்துவிடும். அது மட்டும் ரகுபதிக்குத் தெரிந்தது. அதனால் முகமே இல்லாத ஒரு திருடனைச் சொன்னார். "மூஞ்சி தெரியல சார். தலையில துணி சுத்திக்கினு... சும்மாடு கணக்கா... மூஞ்சிய மறைச்சிடுச்சு."

வாயை மூடுவதற்குள் தெரிந்துவிட்டது, எங்கே கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்று.

வேதநாயகம் தன் ஒற்றைச் செருப்பால் தரையைத் தட்டினார். "தலையில சும்மாடு. பின்னாடி நாய். என் வாசப்படியில உக்காந்து மீன் ஆயறது. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"லூர்துமேரியா?" என்றாள் ஷீலா. "ச்சே, இருக்காது சார்... ஆனா நாய்?"

"அது அவங்க இல்ல சார்! சத்தியமா இல்ல!" ரகுபதி கையெடுத்துக் கும்பிட்டார்.

"மூஞ்சியே தெரியலைன்னீங்க. அப்புறம் அவ இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்றார் வேதநாயகம்.

ரகுபதி கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார். கூட்டம் முடிவெடுத்தது: மீன்காரி உள்ளே வரக்கூடாது என்று கேட்டில் நோட்டீஸ். பத்து மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் புகார். ஷீலா அங்கேயே எழுதி ஒட்டினாள்.

ஒன்பதரைக்கு லூர்துமேரி வந்தாள். ரகுபதி கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுண்ணே. வெயில் ஏறுது."

"உள்ள வராத, மேரி."

"இன்னாது? வேதநாயகம் சாரு இன்னிக்கு காரப்பொடி மீனு சொல்லி வெச்சிருந்தாரு." அப்போதுதான் நோட்டீஸைப் பார்த்தாள். "இன்னா போட்டுக்கீது? என் பேரு மாதிரி கீதே. எல், ஓ... படிச்சுக் காட்டேன்."

இங்கிலீஷில்தான் இருந்தது. ஆனால் அதைப் படிக்க ரகுபதிக்குப் படிப்பு தேவைப்படவில்லை. சொன்னார். எல்லாவற்றையும், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். நாயும் பக்கத்தில் உட்கார்ந்தது.

"பதினெட்டு வருசம், அண்ணே. ஒவ்வொரு ஊட்டுக்கும் இன்னா மீன் புடிக்கும்னு எனக்குத் தெரியும். திருடின்னு சொல்லட்டும், போவட்டும், வேற தெருவுல வித்துக்கினு போறேன்." நாயைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். "ஏஞ்சலு திங்கக்கிழம வேலைல சேரணும். போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து, கேஸு இல்லாத நல்ல ஊடுன்னு ஸ்கூல்ல பேப்பர் வாங்கியாரச் சொல்லிக்கீறாங்க. அதே ஸ்டேஷனுக்குத்தானே இவங்க போறாங்க?"

ரகுபதி நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தார். தனக்கு இங்கிலீஷ் கொடுத்த பிள்ளையின் வேலையைத்தான் அந்த இங்கிலீஷ் தின்னப் போகிறது.

பத்து மணி. சாய்நாத் ரிப்போர்ட் நோட்டை ஒரு துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் வேதநாயகம், ஷீலா, இன்னும் நாலு பேர். படிக்கட்டில் சாய்நாத்தின் மனைவி சுப்புலக்ஷ்மி கையில் கீரைக்கட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆட்டோ காத்திருந்தது.

ரகுபதி கேட்டை இழுத்துப் பூட்டினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, ஆட்களை உள்ளே வைத்து.

"என்ன இது? திறங்கோ" என்றார் சாய்நாத்.

"தெறக்க மாட்டேன் சார்." சாவியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "திருடனும் வரல சார். நாயும் வரல. போலீஸும் வரல. எனக்கு அவ்ளோதான் சார் எழுதத் தெரியும்."

"என்ன சொல்றேள்?"

"பக்கத்த நெரப்பணும்னு போட்டீங்களே சார். மணி அஞ்சாயிடுச்சு, கோடு மிச்சம் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்ச பேருங்க தீந்து போச்சு. தீஃப்பும் டாக்கும் போலீஸும்தான் பாக்கி. போட்டுட்டேன். பயத்துல போட்டுட்டேன் சார். நான் டென்த் இல்ல. எட்டாவது. அதும் பரீட்சை எழுதல. இந்தம்மாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"அப்போ என் செருப்பு?" என்றார் வேதநாயகம். திருடனைக் கைவிட அவருக்கு மனசில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது. "பழுப்பு கலரு, வார் வெச்சதா சார்? மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நம்ம நாய் படுக்கிற எடத்துல ஒண்ணு கீது. முந்தாநேத்தே பாத்தேன். குப்பைல போட்டதுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

ஷீலா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தாள். பாதிதான் மிச்சம் இருந்தது. வஞ்சிரம் கேட் கம்பி வழியாக வாலை ஆட்டியது.

வேதநாயகம் செருப்பைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், லூர்துமேரியைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "காரப்பொடி இருக்கா, மேரி?"

"கீது சார். ஆனா இன்னிக்கு ஆய்ஞ்சு தர மாட்டேன். நீயே ஆய்ஞ்சுக்கோ."

"சரிம்மா. நான் ஆய்ஞ்சுக்கறேன்."

ஷீலா நோட்டீஸைக் கிழித்தாள். ஆட்டோ போய்விட்டது. ரகுபதி கேட்டைத் திறந்துவிட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, விசிலையும் சாவிக்கொத்தையும் அதற்குள் போட்டு, சாய்நாத்தின் முன்னால் நீட்டினார்.

"ஏஜென்சிக்கு எழுதிடுங்க சார். இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளா அனுப்புவாங்க. எனக்குத் தமிழ்தான் சார் எழுத வரும்."

சாய்நாத் தொப்பியை வாங்கவில்லை. அவருக்குக் கோபமும் வரவில்லை. ரகுபதி நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகம் வெளுத்துப் போயிருந்தது. கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸ் ஒட்டிய அன்று தன் உள்ளங்கையில் பார்த்த அதே ஈரம்.

"அப்போ..." சாய்நாத்தின் குரல் கூட்டத்துக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "நீங்களே இருந்தா, இனிமே தமிழ்லதான் எழுதுவேளா?"

"வேற தெரியாதே சார்."

படிக்கட்டிலிருந்து சுப்புலக்ஷ்மி கீரைக்கட்டோடு இறங்கி வந்தார். தொப்பியை எடுத்து ரகுபதியின் தலையில் தானே வைத்தார்.

"பேஷா தமிழ்லயே எழுதுங்கோ, ரகுபதி. ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்காத்து மனுஷருக்கு அதை வாய்விட்டுப் படிச்சுக் காட்டிடுங்கோ. நான் லிஃப்ட்ல தொங்கிண்டிருந்த பக்கத்துக்கு வெரி குட் போட்டாரே, டெல்லியில பொறந்து டெல்லியிலயே வளர்ந்த இவருக்குத் தமிழ்ல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது!"

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போய் டிவியைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரட்டும், வாசலுக்கு நல்ல சேதி வரட்டும், இரண்டும் சேர்ந்தே வரட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற தைரியம் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது எப்போதும் இருக்கட்டும். ஒற்றைச் செருப்புகூட உங்கள் வாசலை விட்டுத் தொலையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.